பங்களாவில் இரண்டு இரவுகள்

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட வினா, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதாகும். யாழ்ப்பாணத்து நண்பர் தம் ஊரின் பெயரைச் சொன்னதும், அவ்வூரின் கோயிலும் பாடசாலையும் சந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேச்சில் வந்து சேர்ந்தன. மட்டக்களப்பு நண்பர் சொன்னபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. என் முறை வந்தது. "ஹற்றன்" என்றேன். அதற்குமேல் எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உண்மையில் ஹற்றன் என் ஊரன்று. அங்கிருந்து டிக்கோயா வழியாகப் பஸ்ஸில் சென்று, இறங்கி, தேயிலை மலைகளுக்கூடாக அரைமணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம் வரும். தோட்டத்தில் ஒரு பிரிவு, பிரிவில் பணிய லயம், அந்த லயத்தில் ஏழாவது காம்பரா. இவை அனைத்தையும் விழுங்கிவிட்டு, "ஹற்றன்" என்னும் ஒரு சொல்லைக் கொண்டே ஈராண்டுகளைக் கழித்துவிட்டேன். அச்சொல்லின் பின்னால் நான் எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்பதை, 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறையில் உல்லாச விடுதியொன்றில் தங்கிய இரண்டு இரவுகளே எனக்கு உணர்த்தின.

உல்லாச விடுதியில் தங்குமளவுக்கு எனக்கு வசதி ஏது என்று நண்பர்கள் ஐயுறக்கூடும். விளக்கம் எளிது. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்களில் வேலைசெய்தோருடைய வாழ்க்கையை ஆராய்வதற்காக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர் தேவைப்படவே, எங்கள் விரிவுரையாளர் என்னை அனுப்பிவைத்தார். துரைமார் வாழ்ந்த பங்களாவிலேயே தங்கியிருந்து பழைய பங்களா வேலையாட்களைத் தேடிக் காண்பது அவரது திட்டம். மொழிபெயர்ப்பவரும் உடன் தங்குதல் வேண்டுமென்று எனக்கும் ஓர் அறை ஒதுக்கியிருந்தார். எங்கே தங்கப்போகிறோம் என்ற விவரம் புறப்படுவதற்கு முதல்நாள்தான் என் கைக்கு வந்தது. அதைப் படித்தபோது என் நெஞ்சு ஒருகணம் நின்றது. எங்கள் லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலையுச்சியில் தெரியும் அதே பங்களா! அந்தப் பங்களாவில்தான் என் அப்பாயி, அதாவது என் தந்தையின் தாயார், பதினைந்து ஆண்டுகள் வேலைசெய்தவர். அம்மையாரிடம் இதை அப்பொழுதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

இவ்விடத்தில் பங்களாக்களைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பிப் பயிரை மெல்ல மெல்ல அழித்தொழிக்க, கோப்பி விளைந்த சரிவுகளைத் தேயிலை கைப்பற்றிக்கொண்டது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தோட்டம் என்பது வெறும் பயிர்நிலமன்று. அது ஓர் ஒழுங்கு. உச்சியில் துரையின் பங்களா. பங்களாவுக்குச் சற்றுக் கீழே தொழிற்சாலையும் காரியாலயமும் உத்தியோகத்தர் வீடுகளும். பள்ளத்தில், ஓடைக் கரைகளில் லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்களை வரிசையாக அடுக்கி, தகரக்கூரை வேய்ந்து கட்டப்பட்டவை அவை. பங்களாவில் இருப்பவர் குனிந்தால் லயம் தெரியும். லயத்தில் இருப்பவர் நிமிர்ந்தால்தான் பங்களா தெரியும்.

1972ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைக்காரத் துரைமார் போயினர். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு அறைகளும் பத்து வேலையாட்களும் கொண்ட பழைய பங்களாக்கள் பல, நிருவாகத்துக்குச் சுமையாயின. ஆனால், ஒருவருக்குச் சுமையானது மற்றொருவருக்கு முதலாகும் அல்லவா? ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவில் தமக்கெனக் கட்டிய இல்லம் பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாக மாறியது பழைய கதை. கந்தப்பளையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. கொழுந்து வாட்டிய மாடிகள் இன்று விருந்தினர் உறங்கும் அறைகள். 2005இல் பொகவந்தலாவை, காசல்ரீ பகுதிகளிலுள்ள துரைமார் பங்களாக்கள் சில ஒன்றுசேர்க்கப்பட்டு, 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்னும் பெயரில் விருந்தினருக்காகத் திறக்கப்பட்டன. தென்கரையோரத்து விடுதிகளில் வெயில் காய்ந்தவர்கள், கணப்பின் அருகே குளிர்காய்வதற்கு மலைக்கு ஏறுகின்றனர். துரைமார் விட்டுச்சென்ற வாழ்க்கையை ஒருநாளோ இருநாளோ வாழ்ந்து பார்ப்பதே இவ்விடுதிகள் விற்கும் பண்டம். நாங்கள் தங்கிய விடுதியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் பெயர் இக்கட்டுரைக்கு வேண்டியதன்று.

வாகனம் பங்களாவின் முன்வாசலில் நின்றது. எட்டுப் படிகள், அவற்றின் இருமருங்கும் நீலப் பூக்கள். படியேறுகையில் என் கால்கள் தயங்கின. சிறுவயதில், மார்கழி மாதத்துப் பஜனையோடு ஒருமுறை இப்பங்களா வரை வந்திருக்கிறேன். அன்று நாங்கள் நின்றது சமையற்கட்டை ஒட்டிய பின்முற்றத்தில். முன்வாசலுக்குப் படிகள் எத்தனை என்பதை இப்பொழுதுதான் எண்ணி அறிந்தேன்.

படிகளின் முடிவில், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த பணியாளர் ஒருவர், நனைத்த சிறு துவாலைகளையும் தேநீரையும் தட்டில் ஏந்தியவாறு நின்றார். அம்மையாருக்குக் கொடுத்தார். பின் என் பக்கம் திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். எங்கள் மேட்டு லயத்து அண்ணன் அவர். க. பொ. த. சாதாரண தரத்துக்கு நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைக்காம்பராவின் திண்ணையில் மாலை வேளைகளில் எங்களுக்குக் கணிதம் சொல்லித்தந்தவர். தந்தையார் நோயுற்றதனால் உயர்தரத்தை இடைநிறுத்தி வேலைக்குப் போனவர். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தோன்றி, தோன்றிய இடத்திலேயே அடங்கிற்று. "வெல்கம் சேர்" என்று தட்டை நீட்டினார். "அண்ணே" என்று நான் அழைத்திருக்க வேண்டும். "தேங்க்யூ" என்றேன்.

உள்ளே சென்றோம். செஞ்சாந்துத் தரை கண்ணாடிபோல் மின்னியது. கூடத்துச் சுவரில் குதிரைகளோடும் நாய்களோடும் நிற்கும் துரைமாரின் புகைப்படங்கள். ஒரு மூலையில் பெரிய மரப்பலகை. அதில் பொன்னெழுத்துகளால், பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி இத்தோட்டத்தை நிருவகித்த துரைமாரின் பெயர்கள், அவரவர் ஆண்ட ஆண்டுகளுடன் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு துரையின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. எனக்கு ஒதுக்கப்பட்டது அப்பாயியின் காலத்துத் துரையின் பெயர் தாங்கிய அறை. அதற்குள் எங்கள் காம்பரா மூன்றையேனும் வைத்துவிடலாம். கால்பதித்த பெரிய குளிதொட்டி, கணப்பு, நாலுபேர் படுக்கத்தக்க கட்டில். சன்னலின் திரையை விலக்கினேன். கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். அதன்மேல் படிந்த பனிமூட்டம். இப்பால் தேயிலைச் சரிவு. சரிவின் அடியில் ஒரு நீண்ட தகரக்கூரை. எங்கள் லயம். புத்தகங்களில் அச்சிடும் காட்சியாக அது மிக அழகாயிருந்தது. அவ்வழகே என்னைத் துன்புறுத்தியது. மழை நாட்களில் அக்கூரையின் எந்தெந்த இடத்தில் சட்டியும் வாளியும் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சன்னலுக்கு அது தெரியாது.

இரவுணவின்போது அந்நிகழ்ச்சி நடந்தது. நீண்ட மேசையில் நாங்கள் இருவருமே இருந்தோம். அண்ணன் சூப்பு பரிமாறினார். அம்மையார் அவரை நோக்கி, துரைமார் காலத்தில் இப்பங்களாவில் வேலைசெய்தவர்கள் எவரேனும் இன்னும் அயலில் உயிரோடு இருக்கின்றனரா எனக் கேட்க விரும்பினார். அண்ணனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். எனினும், தாய்மொழியில் கேட்டால் மனந்திறந்து பேசுவார் என எண்ணி, என்னைத் தமிழில் கேட்கச் சொன்னார். கேட்டேன். அண்ணன் கரண்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"என்ன சொல்லட்டும் சேர்?" என்றார்.

வேறொருவரிடமிருந்து வந்திருந்தால் அது வெறும் பணிவுரை. அவரிடமிருந்து வந்ததனால் அது எனக்கு விடப்பட்ட வாய்ப்பு. நான் அம்மையாரின் பக்கம் திரும்பி, "அப்படி எவரையும் தமக்குத் தெரியாது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் கூறினேன். நான் சொன்ன பொய்யின் ஒவ்வொரு சொல்லும் அண்ணனுக்கு விளங்கியது. அவர் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. என் கிண்ணத்தில் சூப்பை ஊற்றிவிட்டு அப்பால் சென்றார்.

அறைக்குத் திரும்பிப் போர்வையை விலக்கியபோது உள்ளே இதமான சூடு. மெத்தையில் வெந்நீர் நிரப்பிய இறப்பர்ப் பை ஒன்று துணியுறையிட்டு வைக்கப்பட்டிருந்தது. நான் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் எவரோ வந்து வைத்துப்போன அன்பு அது. விலைக்கு வாங்கிய அன்பு. மேசைமேல் அறைக்கட்டண விவரம் கிடந்தது. டொலரை ரூபாவாக மாற்றிப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், பல போராட்டங்களுக்குப் பின் 2024இல் 1350 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. நிறை குறையாமல் கொழுந்து பறித்து, என் அம்மா நூறு நாட்களுக்கு மேல் முழுப்பேர் போட்டால் நான் அக்கட்டிலில் ஓரிரவு உறங்கலாம். ஆனால் உறக்கம் வரவில்லை. சன்னலருகே சென்று நின்றேன். தூரத்தே, சிவனொளிபாத மலையில் ஏறும் யாத்திரிகருக்காகப் பாதையோரம் ஏற்றிய விளக்குகள் வானத்தில் தொங்கும் மாலைபோல் தெரிந்தன. கீழே லயத்தில் ஓரிரண்டு மின்குமிழ்கள். அவற்றுள் ஒன்று எங்களுடையது. அப்பாயிக்கு இருட்டு ஆகாது. விடியும்வரை இஸ்தோப்பு விளக்கு எரியும்.

நான் ஏன் பொய் சொன்னேன்? இவ்வினாவை இருட்டில் பலவாறு கேட்டுக்கொண்டேன். அம்மையார் எங்கள் காம்பராவுக்கு வருவார். புகை படிந்த சுவரைப் பார்ப்பார். பொதுப் பீலிக்கரையைப் பார்ப்பார். அதன்பின் இம்மேசையில் என்னோடு அமர்ந்து பேசும்போது அவர் கண்களில் இரக்கம் கலந்துவிடும். அந்த இரக்கத்துக்கு அஞ்சினேன் என்பது உண்மை. ஆனால் முழு உண்மையன்று. மொழிபெயர்க்க வந்த பல்கலைக்கழக மாணவனாக எட்டுப் படிகளை ஏறி வந்தவன், பங்களா வேலைக்காரியின் பேரனாக அம்மேசையில் இருக்க விரும்பவில்லை. முன்வாசல் எனக்குத் திறந்திருந்தது. ஆனால், அதனுள் நுழைவதற்கு என் முகவரியை வெளியே கழற்றிவைத்து வந்திருந்தேன்.

முகவரி என்று எழுதியபோதுதான் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. முகவரி என்று ஒன்று எங்களுக்கு இருந்ததேயில்லை. லயத்துக் காம்பராக்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எவரேனும் எடுத்துவந்தால் உண்டு. பல்கலைக்கழக அனுமதி பற்றி எனக்கு வந்த கடிதம் அவ்வாறு ஒன்பது நாட்கள் ஒரு கட்டுக்குள் கிடந்தது. இன்னும் ஐந்து நாட்கள் கிடந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

விடிவதற்கு முன் எழுந்து வெளியே வந்தேன். புல்வெளியில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார் அண்ணன். அருகில் எவருமில்லை.

"அண்ணே, ராத்திரி நான்..." என்று தொடங்கினேன்.

"இங்க பாரு தம்பி," என்றார் அவர், துடைப்பதை நிறுத்தாமலே. "நான் ஒன்னைய சேர்னு கூப்புடுறது என் வேலை. அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. கொழும்புல கடையில நின்னு ராத்திரியில சாக்க விரிச்சுப் படுத்ததுக்கு இது எவ்வளவோ மேல். வீட்டுல இருந்து வேலைக்கு வாறேன். அப்பாவுக்கு மருந்து வாங்குறேன். ஒனக்குத்தான் வெக்கமா இருக்கு. அப்பாயி கீழ இருக்காங்கன்னு சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சிரும்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஏதுமில்லை. உல்லாச விடுதிகளைப் பற்றி எங்களைப் போன்ற மாணவர் பேசும் பேச்சில் ஒரு கோபம் இருக்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அண்ணனைப் போன்றோருக்கு அவை வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய வேலைத்தலமாகவும் இருக்கின்றன என்பதை அக்கோபம் மறந்துவிடலாகாது. அவரது உழைப்பை இழிவென்று கருதியது விடுதியன்று, நான்.

தேயிலைக்கூடாகச் செல்லும் குறுக்குப்பாதையில் இறங்கினேன். இருபது நிமிடத்தில் லயம். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அப்பாயி இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சாயத்தண்ணிக் கோப்பையோடு அமர்ந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. என்னைக் கண்டதும் வியந்தார்.

"என்னா ராசா, கெம்பஸ்லருந்து இவ்வளவு வெள்ளன வந்துட்ட?"

எங்கிருந்து வருகிறேன் என்பதைச் சொன்னேன். அப்பாயி சிறிது நேரம் மலையுச்சியைப் பார்த்தார். பின் அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்ததன்று.

"எந்த ரூம்புல படுத்த?"

அறையை விவரித்தேன். சன்னல் எத்திசை பார்த்தது என்பதையும் கணப்பு எந்தப் பக்கம் என்பதையும் நான் சொல்வதற்கு முன்னரே அவர் சொல்லிவிட்டார். அந்த அறைக்கு அதிகாலையில் வெந்நீர் சுமந்தவர் அவர். இரவில் மெத்தைக்குள் சுடுதண்ணிப் போத்தலை வைத்துவிட்டுப் பின்வாசலால் இறங்கி, இதே குறுக்குப்பாதையில் இருளில் வந்தவரும் அவரே. அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த அதே வேலையைத்தான் நேற்றிரவு எனக்காக எவரோ செய்திருக்கின்றனர்.

"மெத்த எப்புடி இருந்துச்சு?" என்றார். "தூக்கம் வரல அப்பாயி" என்றேன். வெற்றிலைக் காவி படிந்த பற்கள் தெரிய உரக்கச் சிரித்தார். அம்மாவும் அடுப்படியிலிருந்து சிரித்தார்.

ஆய்வாளர் அம்மையாரைப் பற்றிக் கூறி, பங்களாவுக்கு வந்து பேச முடியுமா என்று கேட்டேன். மலையேறுவது கடினமாயின் வாகனம் ஒழுங்குசெய்யலாம் என்றும் சொன்னேன். அப்பாயி தலையசைத்து மறுத்தார்.

"நான் அங்க எதுக்கு வரணும்? பதினஞ்சு வருஷம் நான் போனேன்ல. இப்ப அவங்க நம்ம வீட்டுக்கு வரட்டும். தேத்தண்ணி நான் ஊத்திக் குடுக்குறேன்."

காலை உணவின்போது அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்நாள் அண்ணன் சொன்னதாக நான் சொன்னது அவர் சொன்னதன்று என்பதையும் மறைக்கவில்லை. அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். "மொழிபெயர்ப்பாளர் சொல்லும் 'தெரியாது' என்பதையும் இனி நான் குறித்துவைக்க வேண்டும்" என்றார் பின்னர். கண்டனமும் சிரிப்பும் அதில் பாதிக்குப் பாதி இருந்தன. வேறெதுவும் கேட்கவில்லை. பாதணியை மாற்றிக்கொண்டு வந்தார். குறுக்குப்பாதையிலேயே இறங்கினோம்.

இரண்டு மணி நேரம் அப்பாயி பேசினார். விடியற்காலை நாலு மணிக்கு விறகு அடுப்பு மூட்டியதையும், செஞ்சாந்துத் தரையைத் தேங்காய் மட்டையால் முழங்காலிட்டு மினுக்கியதையும், துரைசாணி கற்றுத்தந்த புடிங்கின் பக்குவத்தையும் சொன்னார். துரை வருகிற பாதையில் குடை பிடிக்கலாகாது, செருப்போடு நிற்கலாகாது, தேயிலைக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கங்களையும் சொன்னார். "நல்ல தொரையும் இருந்தாரு, கெட்ட தொரையும் இருந்தாரு. எந்தத் தொரை வந்தாலும் எங்களுக்குப் பின்வாசல்தான்" என்றார். நான் ஒரு சொல்லும் கூட்டாமலும் குறைக்காமலும் மொழிபெயர்த்தேன்.

அம்மையார், பங்களாவில் அக்காலத்தில் எத்தனை பேர் வேலைசெய்தனர் எனக் கேட்டார். அப்பாயி விரல்விட்டு எண்ணினார். பெரிய அப்பு, சின்ன அப்பு, ஆயம்மா, தோட்டக்காரன், தண்ணிக்காரன், மாட்டுக்காரன், நாய்க்காரன், துணி வெளுப்பவர், காவல்காரன். பங்களாவில் அவர்கள் இவ்வாறே அழைக்கப்பட்டனர். "இவர்களுடைய சொந்தப் பெயர்கள் நினைவிருக்கின்றனவா?" என்று கேட்டார் அம்மையார். அப்பாயி ஒன்பது பெயர்களையும் தடையின்றிச் சொன்னார். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்த அம்மையாரின் பேனா, சின்ன அப்புவின் பெயர் வந்ததும் நின்றது. ஏனெனில் அப்பாயியின் குரல் அங்கே நின்றது. சின்ன அப்பு அவருடைய உடன்பிறந்த தம்பி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றோராக்கியதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டதும் நாம் பாடப்புத்தகத்தில் படித்தவை. அப்பங்கீட்டில் தம்பி இந்தியாவுக்கு ஆனார். ஹற்றன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட, 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் பெயரிட்ட அப்புகையிரதத்தில் ஏறிப்போனவர், நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. அதன்பின் கடிதமில்லை. முகவரியில்லாத இடத்திலிருந்து முகவரியில்லாத இடத்துக்குக் கடிதம் எப்படிப் போய்ச்சேரும்? அப்பெயரை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறை கேட்டேன். என் பாட்டனாருக்குச் சமமான ஒருவர் இருந்தார் என்பதை, ஓர் அந்நியருக்காக மொழிபெயர்த்தபோதுதான் நான் அறிந்தேன்.

2023ஆம் ஆண்டில், எங்கள் மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்று நடந்தது. மூதாதையர் நடந்த பாதையில் மீண்டும் நடந்து, அவர்களை நினைவுகூர்ந்தனர். அதைப் பற்றி நான் படித்தேன், பெருமைப்பட்டேன், பேசியுமிருக்கிறேன். ஆனால் இருநூறு ஆண்டுகளைப் பற்றிப் பேசியவனுக்கு, பக்கத்தில் அமர்ந்திருந்த கிழவியிடம் ஐம்பது ஆண்டுகளைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. பங்களாவின் பலகையில் வேலையாட்களின் பெயர்கள் இல்லையென்று முதல்நாள் மனத்துள் குறைபட்டுக்கொண்டேன். அப்பெயர்களை எழுதிவைக்கும் கடமை துரைமாருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இருந்தது.

இரண்டாம் இரவு நான் நன்றாக உறங்கினேன். மெத்தைக்குள் இருந்த வெந்நீர்ப் பை யார் கையால் வந்தது என்பதைக் கேட்டறிந்து, அவரிடம் நன்றி கூறியபின் உறங்கினேன். மறுநாட்காலை புறப்படும் வேளையில் அண்ணன் விருந்தினர் ஏட்டைக் கொண்டுவந்து வைத்தார். பெயர், முகவரி, கருத்து என மூன்று நிரல்கள். எனக்கு முன் எழுதியோர் இலண்டன், மெல்பேர்ண், சூரிச் என்று எழுதியிருந்தனர். நான் என் பெயரைத் தமிழில் எழுதினேன். முகவரி நிரலில் "ஹ" என்று தொடங்கிவிட்டு நிறுத்தி, அதை வெட்டினேன். பின் ஏழாவது காம்பரா, பணிய லயம் என்று தொடங்கிப் பிரிவையும் தோட்டத்தையும் முழுமையாக எழுதினேன். நிரலில் இடம் போதவில்லை. கருத்து எழுதவேண்டிய இடத்தையும் முகவரியே எடுத்துக்கொண்டது.

"போய்ட்டு வாறேன் அண்ணே" என்றேன். படிகளில் என் பையை எடுத்துவர முனைந்தவரைத் தடுத்தேன். "குடு தம்பி, இது என் வேலை" என்று வாங்கிக்கொண்டார்.

இத்தவணை தொடங்கியபோது எங்கள் பீடத்துக்குப் புதிய மாணவர்கள் வந்தனர். அவர்களுள் ஒருவனிடம் ஊர் எதுவென்று கேட்டேன். கண்களை எங்கோ செலுத்தி, "ஹற்றன்" என்றான். எனக்குப் பழக்கமான குரல் அது. ஹற்றனில் எவ்விடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் பணிய லயத்தையும் நானே முதலில் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். சற்றுப்பொறுத்து, தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.